உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குப் புதுப் பெயர்: சேலத்துச் சங்கம் ஒன்றுக்கு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. சேலத்தில் 1986-இல் பதிவான சிறிய வரலாற்றுச் சங்கம். அறுபது உறுப்பினர்கள், நகரத்தில் ஒரு வாடகை அறை, ஏற்காட்டில் ஒரு வீட்டில் சில பெட்டிகள் நிறையப் பழைய ஆவணங்கள். பெயர் நீளம்; ‘சேலம் மாவட்ட’ என்று தொடங்குகிறது; இளைஞர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயரையும் சின்னத்தையும் மாற்ற 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

பதிவுச் சான்றிதழையும் துணைவிதிகளையும் எடுத்துப் படிப்பதில் தொடங்குங்கள். சின்னம் வரைபவரிடம் போவது அதற்கு வெகு பின்னால் வர வேண்டிய வேலை. உங்களிடம் ஓலைச்சுவடி கொடுத்தவர், கிரயப் பத்திரம் கொடுத்தவர், தறிக்கணக்கு நோட்டு கொடுத்தவர் எல்லாரும் ஒரு பெயரை நம்பிக் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டு ரசீதுகளிலும் கடிதங்களிலும், மற்றவர்கள் எழுதிய நூல்களின் அடிக்குறிப்புகளிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் தடுமாறாமல் புதுப் பெயருக்கு வந்து சேர வேண்டும். மற்ற எந்தச் சங்கத்தைவிடவும் வரலாற்றுச் சங்கத்துக்கு இது முக்கியம். கீழே சொல்கிற ஒவ்வொரு வேலையையும் இந்த ஒன்றை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இளைஞர்கள் வராததற்குப் பெயர் காரணமாக இருப்பது அரிது. கூட்டம் வேலை நாள் காலையில் நடக்கிறதா, அறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா, ஒரு கல்லூரி மாணவர் வந்து ஆவணத்தைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் பெயரை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே அறுபது பேர்தான் இருப்பார்கள். இருந்தாலும் உங்கள் பெயரில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. அது நீளம் அல்ல, ‘மாவட்ட’ என்ற சொல்.

1986-இல் அந்தச் சொல் சரியாக இருந்தது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, கொல்லிமலை எல்லாம் அன்று சேலம் மாவட்டம். 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முன்பே 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி பிரிந்துவிட்டது. அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. உங்கள் பெட்டியில் இராசிபுரத்துக் குடும்பத்தின் கணக்கேடோ, திருச்செங்கோட்டுக் கல்வெட்டின் மைப்படியோ (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த நகல்) இருந்தால், இன்றைய கணக்கில் அது உங்கள் பெயருக்கு வெளியே நிற்கிறது. ஆத்தூரைத் தனி மாவட்டமாக்கும் கோரிக்கையும் நெடுநாளாக இருக்கிறது. நிர்வாக எல்லையைப் பெயரில் வைத்த வரலாற்றுச் சங்கம், அரசாணை வரும்போதெல்லாம் தன் பெயரை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் இடப்பெயரைப் பற்றி நிதானமாகப் பேசுங்கள். வெறும் ‘சேலம்’ போதும் என்பது என் கருத்து. நகரத்தையும் குறிக்கும், அதைச் சுற்றிய வட்டாரத்தையும் குறிக்கும், வெளியூர்க்காரர் தேடும்போதும் கிடைக்கும். பழம்பெயர் வைக்கும் ஆசை எழும்; அங்கேதான் கவனம் வேண்டும். ‘பாரமகால்’ கம்பீரமாக ஒலிக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதி, அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக இருந்த பகுதி என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் பாரமகால் என்பது முக்கியமாக கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். சேலம், ஆத்தூர், ஓமலூர், நாமக்கல் பகுதிகளை அந்தக் கால ஆவணங்கள் தாலகாட் என்று தனியாகவே குறித்தன. சேலத்தில் இருக்கும் சங்கம் தன்னைப் பாரமகால் என்று அழைத்துக்கொண்டால், விவரம் தெரிந்தவர் முதல் வரியிலேயே பிழை கண்டுபிடிப்பார்.

‘கொங்கு’ வைத்தால் வேறு சிக்கல். மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு அது இயல்பாகப் பொருந்தும். கிழக்கே ஆறகழூர், வாணகோவரையர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர். அவர்கள் ஆண்ட நாட்டை மகதை என்றே கல்வெட்டுகள் சொல்கின்றன. தியாகனூர் புத்தர் சிலையைப் பற்றியும் ஆறகழூர்க் கல்வெட்டுகளைப் பற்றியும் வேலை செய்யும் உறுப்பினர்களுக்கு கொங்கு என்ற பெயர் தங்களை வெளியே நிறுத்துவதாகப் படலாம்.

ஏற்காட்டுப் பெட்டிகளை நினைத்து ‘சேர்வராயன்’ என்ற பெயரை யாராவது முன்மொழிந்தால், மலைக் கிராமங்களில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். சேர்வராயன் அங்கே மலை மட்டுமல்ல, குகைக் கோயிலில் இருக்கும் தெய்வம். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய மரபில் சேர்வராயன் மலை சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்தது. ஒரு நாட்டுப் பெரியவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் மற்ற இரண்டு நாட்டுக்காரர்களும் கேட்கப்படாதவர்கள் ஆகிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. ஏற்காட்டு வரலாறு என்று பொதுவாக எழுதப்படுவது 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்ததில் ஆரம்பிக்கிறது. அந்தக் கதையை மட்டும் பெட்டியில் வைத்திருக்கும் சங்கம் சேர்வராயன் பெயரைச் சூடிக்கொள்வது முறையாகாது. பெயருக்கு முன்னால் சேகரிப்பு அங்கே போய்ச் சேரட்டும்.

அடுத்தது வகைச்சொல். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான அமைப்பு ‘அறக்கட்டளை’ என்று பெயர் வைத்துக்கொண்டால் வங்கியிலிருந்து நன்கொடையாளர் வரை எல்லாரும் அறக்கட்டளைப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் 1956, பிரிவு 23 தடுக்கிறது. அரசின் ஆதரவு பெற்றது போலத் தோன்றும் பெயர்களையும் சில தலைவர்களின் பெயர்களையும் 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. ‘தேசிய’, ‘அரசு’ போன்ற சொற்களைப் பதிவாளர் பொதுவாக ஏற்கமாட்டார். ‘ஆய்வு மையம்’ சட்டப்படி கிடைக்கலாம். ஆனால் ஆய்வு நெறியாளரும் நூலகமும் எதிர்பார்த்து மாணவர்கள் வருவார்கள். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். சங்கம், மன்றம், வட்டம் ஆகியவை உள்ளதை உள்ளபடி சொல்லும் சொற்கள்.

இரண்டு மூன்று பெயர்கள் தேறியதும் ஒரு சோதனை செய்யுங்கள். சங்கத்துக்கு வெளியே உள்ள பத்துப் பேரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, கேட்டதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் தறிக்காரராக இருக்கட்டும், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஏற்காட்டில் தோட்ட வேலை செய்பவர், இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். ஏழு பேராவது பிழையில்லாமல் எழுதினால் பெயர் நிற்கும். அதே பத்துப் பேரை ஆங்கில எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். ‘வரலாற்று’ என்ற சொல்லுக்கே நாலு விதமான எழுத்துக்கூட்டல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்து, தீர்மானத்திலேயே எழுத்து எழுத்தாகக் குறித்துவிடுங்கள். பான் அட்டையில் ஒரு எழுத்து, வங்கியில் வேறு எழுத்து என்று போனால் காசோலை திரும்பும். நன்கொடையாளருக்கு வரிவிலக்குச் சான்று கிடைப்பது சிக்கலாகும். சிறிய சங்கங்களின் பெயர் மாற்றத்தில் அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான்.

இனி சட்ட வேலை. நீங்கள் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். பெயர் மாற்றத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பொதுக்குழுவில் வந்திருந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. தீர்மானத்தைக் கொண்டுவரப் போவதாகக் குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாத அறிவிப்பு. 24 பேர் வாக்களித்தால் 18 பேர் ஆதரிக்க வேண்டும், 17 போதாது. நாளைக் கச்சிதமாக எண்ணாமல் 25 நாள் விட்டு அறிவிப்பு அனுப்புங்கள். தீர்மானத்தின் முழு வாசகமும், பழைய பெயரும் புதிய பெயரும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். ‘பெயர் மாற்றம் குறித்து விவாதிக்கப்படும்’ என்ற ஒற்றை வரி அறிவிப்பு பின்னால் ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தால் நிற்காது. துணைவிதி அனுமதிக்காவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அறிவிப்பாகாது. ஸ்பீடு போஸ்ட் ரசீதோ, நேரில் கொடுத்து வாங்கிய கையெழுத்தோ கோப்பில் இருக்கட்டும்.

கூட்டத்துக்கு முன் உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்த்துவிடுங்கள். நாற்பது ஆண்டுச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர் பலர் காலமாகியிருப்பார்கள், சிலர் சந்தா கட்டாமல் விட்டிருப்பார்கள். யாருக்கு வாக்கு உண்டு என்பதைத் துணைவிதிப்படி பட்டியலாக்கி, நிர்வாகக் குழுவில் ஒப்புதல் பெற்று வையுங்கள். குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்) கணக்கும் இந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

அடுத்து பெரிய தடை: ஆண்டறிக்கை பாக்கி. தணிக்கை செய்த கணக்கும் நிர்வாகக் குழு விவரமும் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் போயிருக்க வேண்டும். சில ஆண்டுகள் விடுபட்டிருந்தால் பெயர் மாற்ற மனு அங்கேயே நிற்கும். பாக்கி ஆண்டுகளைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்த பிறகுதான் நகரும். சேலத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகங்கள் உண்டு. உங்கள் கோப்பு எதில் இருக்கிறது என்பதைப் பதிவு எண்ணைக் கொண்டு முதலில் உறுதி செய்யுங்கள். தீர்மான நகல், திருத்திய சங்க விதிக்குறிப்பும் துணைவிதிகளும், பழைய சான்றிதழ், அறிவிப்பு அனுப்பிய சான்று, வந்தவர்கள் கையெழுத்திட்ட ஏடு ஆகியவற்றை ஒரே கட்டாக வைத்தால் திரும்பத் திரும்ப அழைக்கமாட்டார்கள். பெயர் வேறொரு சங்கத்தின் பெயரோடு ஒத்திருந்தால் மனு மறுக்கப்படும். அதனால் கூட்டத்துக்கு முன்பே பெயர் கிடைக்குமா என்று அலுவலகத்தில் விசாரித்து, இரண்டாவது பெயர் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். பெயர் மாறினாலும் பதிவு எண் அதே எண்தான். சங்கத்தின் உரிமைகள், கடமைகள், நிலுவை வழக்குகள், வாடகை ஒப்பந்தம் எதையும் பெயர் மாற்றம் பாதிக்காது.

சங்கமாக இல்லாமல் அறக்கட்டளைப் பத்திரத்தில் தொடங்கிய அமைப்பாக இருந்தால் வழி வேறு: பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் எழுதியிருந்தால் துணைப் பத்திரம் பதியலாம், இல்லாவிட்டால் நீதிமன்றம் போக வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

பெயரோடு நோக்கப் பிரிவையும் திருத்தலாமா என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். ‘சேலம் மாவட்டத்தின் வரலாற்றை…’ என்று நோக்கம் எழுதியிருந்தால், ‘1997 ஜனவரி 1-க்கு முன்பிருந்த சேலம் மாவட்ட எல்லையிலும் அதையொட்டிய பகுதிகளிலும்’ என்று தெளிவாக்குவது நல்லது. நாமக்கல் பக்கத்துச் சேகரிப்புக்கு அது பாதுகாப்பு. ஆனால் வருமான வரியில் அறநிறுவனப் பதிவு வைத்திருந்தால், நோக்கத்தை மாற்றுவது பெயரை மாற்றுவதைவிடக் கனமான காரியம். பதிவின் நிபந்தனைகளோடு பொருந்தாத மாற்றம் என்று கருதப்பட்டால் 30 நாளுக்குள் புதிய பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எல்லையைத் தெளிவாக்கும் வாசகத்தைக் கூட்டத்துக்கு முன்பே தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். ‘கூடவே சமூக சேவை, மருத்துவ முகாம்’ என்று இந்தச் சாக்கில் புது நோக்கங்களை நுழைக்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பதிவாளரின் சான்றிதழ் கைக்கு வந்ததும் மற்றவற்றை இந்த வரிசையில் செய்ய வேண்டும்: பான், வங்கி, வருமான வரி இணையதள விவரம், அறநிறுவனப் பதிவும் நன்கொடையாளர் வரிவிலக்குப் பதிவும் (1961 சட்டத்தின் 12ஏபி, 80ஜி), தர்ப்பன் என்ற மத்திய அரசுத் தொண்டு நிறுவனத் தளத்தில் பதிவு இருந்தால் அதுவும். பான் எண் மாறாது, அட்டையில் பெயர் மட்டும் மாறும். வங்கிக்குத் தீர்மான நகல், புதிய சான்றிதழ், புதிய பான், கையெழுத்திடுவோர் பட்டியல் நான்கும் போதும். பழைய பெயரில் வரும் காசோலைகளைக் குறிப்பிட்ட காலம்வரை ஏற்கும்படி அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். யூபிஐ குறியீட்டில் தெரியும் பெயரும் மாறியிருக்கிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இவை முடியும்வரை புதுப் பெயரில் நன்கொடை ரசீது அடிக்கவே கூடாது. ரசீதில் உள்ள பெயர் வரிவிலக்குப் பதிவில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் பாதிக்கப்படுவது உங்களுக்குப் பணம் கொடுத்தவர்.

காலக்கணக்கு சொல்கிறேன். சிறப்புத் தீர்மானத்தை ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் பொதுக்குழுவில் நிறைவேற்றுங்கள். பதிவாளரின் சான்றிதழ், பான், வங்கி வேலைகள் மார்ச் மாதத்துக்குள் முடியட்டும். ஏப்ரல் 1 முதல் புது ரசீதுப் புத்தகம். நிதியாண்டின் நடுவில் ரசீதின் பெயர் மாறினால் நன்கொடையாளர் விவர அறிக்கை தாக்கல் செய்யும்போது ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர் ரசீதுகளைச் சரிபார்க்க வேண்டிவரும். மாறிய ஆண்டின் வரவு செலவு அறிக்கையில் தலைப்புக்குக் கீழே ‘முன்பு இன்ன பெயரில் இயங்கியது’ என்று தணிக்கையாளரை எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பாரமாகத் தோன்றினால் இன்னொரு வழி இருக்கிறது. அறுபது பேர் சங்கத்துக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பதிவுப் பெயரை அப்படியே விட்டு, இரண்டு சொல்லில் ஒரு அழைப்புப் பெயரை நிர்வாகக் குழுத் தீர்மானத்தால் ஓராண்டு பயன்படுத்திப் பாருங்கள். கூட்ட அழைப்பிதழ், இணையம், பலகை எல்லாவற்றிலும் அழைப்புப் பெயர் பெரிதாகவும் பதிவுப் பெயர் கீழே சிறிதாகவும் இருக்கும். ரசீது, ஒப்பந்தம், வங்கி ஆகியவற்றில் பதிவுப் பெயர் மட்டுமே. ஊர் வாயில் பெயர் ஏறினால் அடுத்த பொதுக்குழுவில் சட்டப்படி மாற்றலாம். ஏறாவிட்டால் பெரிய இழப்பில்லை.

சின்னத்துக்கு வருவோம். சேலத்தில் எல்லார் மனத்திலும் முதலில் வரும் படங்கள்: கோட்டை மாரியம்மன் கோயில், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு, மேட்டூர் அணை. ஒரே ஒரு கட்டடத்தைச் சின்னமாக்கினால் நீங்கள் அந்தக் கட்டடத்தின் நண்பர்கள் என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். கோபுரம் வைத்தால் தமிழ்நாடு அரசுச் சின்னத்தின் சாயல் விழும்; அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தனியார் இடத்துக் கட்டடத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். சேர்வராயன் குகைக் கோயிலின் படம் வேண்டவே வேண்டாம். நடுகல்லின் வெளிக்கோடு, தறி நாடா, கஞ்சமலை இரும்புக் கசடு போல வட்டாரம் முழுவதும் கிடைக்கும் பொருள் ஒன்று நல்லது. படமே இல்லாமல் நல்ல தமிழ் எழுத்தில் எழுதிய பெயரும் போதும். நானாக இருந்தால் எழுத்தையே தேர்வேன்.

கல்வெட்டு எழுத்தில் சின்னம் வேண்டும் என்று விரும்பினால், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பார்த்த பிறகே இறுதி செய்யுங்கள். கணினி எழுத்துருவில் இன்றைய எழுத்தைத் தட்டினால் தமிழி (தமிழ் பிராமி) உருவம் வந்துவிடும், ஆனால் அது எந்தக் காலத்துக் கல்லிலும் இல்லாத கலவையாக இருக்கும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர, ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டை இன்றுபோல் காட்டுவதும் கிடையாது. ‘சேலம்’ என்பதை இன்றைய இரட்டைக் கொம்போடு வட்டெழுத்துப் பாணியில் வரைந்துவிட்டு வரலாற்றுச் சங்கம் என்று கீழே எழுதினால் கல்வெட்டாளர்கள் மத்தியில் அது நீண்ட காலம் பேசப்படும்.

வடிவமைப்பில் முதலில் ஒற்றைக் கறுப்பு வடிவத்தைக் கேளுங்கள், வண்ணம் பிறகு. அதை 15 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, ரப்பர் முத்திரையும் செய்து பாருங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடுகள் முத்திரையில் அடைந்துவிடும். ‘ற்று’, ‘ண்’ போன்ற எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் முதலில் மையில் மூழ்கும். 8 பாயின்ட் எழுத்தளவுக்குக் கீழே தமிழ்ப் பெயரை அச்சிடாதீர்கள். எழுத்துருவுக்கு உரிமம் கேட்டு வாங்குங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், காட்டமரன் ஆகியவை இலவசத் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

அச்சகத்தில் நடக்கும் கோளாறு வேறு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துக் குறியேற்றத்தில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் யூனிகோடில் அனுப்பும் வரியைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது யாரோ மறுபடி தட்டச்சு செய்து பிழையோடு வரும். பெயரையும் முகவரியையும் எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டுப்பகுதி (ப்ளீட்) விட்டு. மெய்ப்பை அலைபேசியில் பார்க்காதீர்கள். காகிதத்தில் வாங்கி, சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

வரைந்தவர் நண்பராகவோ உறுப்பினரின் பிள்ளையாகவோ இருந்தாலும் ஒரு பக்க உரிமை மாற்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யாதவர் வரைந்த சின்னத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுடையதாகும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற இரண்டு தொடர்களும் இருக்கட்டும். வணிகக் குறிப் பதிவு 41-ஆம் வகுப்பில் இணையம் வழி 9,000 ரூபாய் ஆகும். உங்கள் நிதியில் அதற்கு இப்போது அவசரமில்லை.

பலகைக்கு ஃபிளெக்ஸ் போடாதீர்கள். சேலத்து வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், இரும்புச் சட்டம் துருவேறும். சேலத்தில் கைவேலைப் பலகை எழுதுபவரிடம் எனாமல் வண்ணத்தில் எழுதச் சொல்லுங்கள், மலையில் அலுமினியத் தகட்டில் எழுதச் சொல்லுங்கள். கடை, நிறுவனப் பலகைகளுக்குச் சொல்லப்படும் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 விகிதத்தை நீங்களும் பின்பற்றினால் அளவு பற்றிய வாக்குவாதம் வராது.

அதிகக் கவனம் வேண்டியது சேகரிப்பு. வரவுப் பதிவேட்டில் பழைய பெயரின் சுருக்க எழுத்துகளோடு எண் கொடுத்திருப்பீர்கள். அந்த எண்களை மாற்றவே கூடாது. யாரோ ஒரு ஆய்வாளர் இருபது ஆண்டுக்கு முன் தன் ஆய்வேட்டில் அந்த எண்ணைக் குறிப்பிட்டிருப்பார். எண் மாறினால் ஆவணம் காணாமல் போனதற்குச் சமம். புதிய வரவுகளுக்குப் புது முன்னெழுத்து வைக்கலாம், வரிசை எண் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். பதிவேட்டில் கடைசிப் பழைய பதிவுக்குக் கீழே கோடு போட்டு, பெயர் மாறிய நாள், தீர்மானம் நிறைவேறிய நாள், பதிவு எண், இரண்டு பெயர்கள் ஆகியவற்றை எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திடுங்கள்.

ஆவணங்களின் மீது புது முத்திரை குத்தாதீர்கள். பழைய முத்திரை இருந்தால் அடிக்கவோ சுரண்டவோ வேண்டாம். அது அந்தப் பொருள் எப்போது உங்களிடம் வந்தது என்பதற்குச் சாட்சி. பெட்டியின் வெளிச்சீட்டை மட்டும் மாற்றுங்கள், அதையும் மைதாப் பசையால் ஒட்டாமல் பருத்தி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மாவுப் பசை பூச்சிகளை அழைக்கும். ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் தாள்வரை வந்துவிடும். சீட்டில் பழைய எண் மேலே, புதுப் பெயர் கீழே, பென்சிலில். ஸ்கேன் செய்த கோப்புகளில் பழைய பெயர் பொறித்த நீர்க்குறி இருந்தால் அப்படியே விடுங்கள். மறுபடி பொறிக்கும் உழைப்பை இன்னும் ஸ்கேன் ஆகாத பெட்டிகளுக்குச் செலவிடலாம்.

இதழ் நடத்துகிறீர்கள் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். இதழின் பெயரில் சங்கத்தின் பெயர் இருந்து, அது கணிசமாக மாறினால் புது ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) வாங்க வேண்டும். பழைய எண்ணைப் புது பெயரில் போட்டால் நூலகப் பட்டியல்களில் இரண்டும் கலந்து குழம்பும். தொகுதி எண்ணை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்பு வெளியிட்ட நூல்களின் ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான அடையாள எண்) அப்படியே செல்லும். கையிருப்புப் பிரதிகளில் புதுப் பெயர்ச் சீட்டு ஒட்டாதீர்கள்.

இணையத்தில் பழைய தள முகவரியை விடாமல் புதுப்பித்து, ஒவ்வொரு பழைய பக்கமும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பப்படும்படி அமையுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் அடிக்குறிப்பைப் பிடித்து வருபவர் தொலைந்துபோவார். காலாவதியான பழைய முகவரிகளைச் சூதாட்டத் தளங்கள் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஊர்க்காரர் கொடுத்த குடும்பப் படத்துக்கான இணைப்பு அங்கே போய்ச் சேரக் கூடாது. பழைய மின்னஞ்சலும் புதியதற்குத் திரும்பி வரட்டும்.

40,000 ரூபாயை நான் பிரித்தால் இப்படி: எழுத்துச் சின்னத்துக்கு 10,000-க்கு மேல் வேண்டாம், இரண்டு பலகைகளுக்கு 8,000, பதிவாளர் அலுவலகப் பாக்கி, கட்டணங்கள், தணிக்கையாளர் ஊதியம் எல்லாம் சேர்த்து 9,000, 500 கடிதத்தாள்கள், ரசீதுப் புத்தகங்கள், முத்திரை, அஞ்சல் அறிவிப்புகள் சேர்த்து 6,000, தள முகவரிகளுக்கு 3,000. மீதி 4,000-ஐத் தொடாதீர்கள், ஆண்டறிக்கை பாக்கி நினைத்ததைவிட அதிகமாக இருந்தால் அது தேவைப்படும். அச்சு வேலை எதையும் பதிவாளரின் சான்றிதழைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கொடுக்காதீர்கள்.

பொருள் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கடிதம் போக வேண்டும், பொது அறிவிப்புக்கு முன்பே. நான்கு வரி போதும்: பெயர் மாறியிருக்கிறது, பதிவு எண் அதேதான், நீங்கள் கொடுத்த இன்ன பொருள் இன்ன எண்ணில் அதே நிபந்தனைகளோடு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கொடுத்தவர் காலமாகியிருந்தால் வாரிசைத் தேடி அனுப்புங்கள். இந்தக் கடிதம் எழுத உட்காரும்போதுதான் எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியவரும். அதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்கி வையுங்கள். கடிதத்தாளில் ‘முன்பு இன்ன பெயர், பதிவு 1986’ என்ற வரியை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள். இணையதளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலிருந்து அதை எப்போதும் எடுக்க வேண்டாம்.